காகத்துக்கு வைத்த ஒரு பிடி அவல்

மகனே,

முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்கணக்காக மலை ஏறி இறங்கியவனிடம் சுகம் விசாரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னைக் கேட்டால் முழங்கால் நோகிறது, மற்றதெல்லாம் வழமை போலத்தான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ இடையில் கதைப்பாய். உன் குரலைக் கேட்டதும் நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை தோறும் மாமி உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போன புண்ணியத்தில் இதை நீயே வாசித்துவிடுவாய். விளங்காத இடத்தை மாமாவிடம் கேட்காதே. அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாமலே போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தாய். "அப்பா, சிறப்புப் படைக்கு என்னை எடுத்திட்டினம்" என்று சொன்னாய். எத்தனையோ பேர் போய்ச் சிலரைத்தான் எடுத்தார்களாம். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பிறகு நீ, "ஒரு போர்ம் நிரப்ப வேணும் அப்பா. குடும்பத்திலை ஆரும் ஆயுதம் தூக்கின இயக்கங்களோடை தொடர்பா இருந்தவையோ எண்டு கேட்டிருக்கு. நான் இல்லை எண்டு போடுறன், சரிதானே?" என்று கேட்டாய். முதலில் அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்தபோது மாமாவே எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிட்டார், இந்த முறை கேள்விகள் அதிகம் என்றும் சொன்னாய். நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "ஓம், அப்பிடியே போடு" என்றேன். அது பொய். வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன் நீ அதைக் கொடுக்க வேண்டும் என்பதால்தான் இன்றைக்கே எழுதி, தாள்களைப் படம் பிடித்துப் போனில் அனுப்புகிறேன். இல்லை என்று போட்டுப் பிறகு பிடிபட்டால் நீ பொய்யன் ஆவாய். ஓம் என்று போட்டால் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். எது நடந்தாலும் காரணம் நான்தான்.

நீ சொன்ன நாளிலிருந்து நூல் நிலையத்துக்கும் போனேன், போனிலும் பார்த்தேன். உன் தொழிலைப் பற்றி இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும். 'கொமாண்டோ' என்பது தென்னாபிரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர் வழிவந்த, நிலத்தை உழுது வாழ்ந்த கமக்காரர்களின் சொல்லாம். சொந்தக் குதிரையும் சொந்தத் துவக்குமாகத் திரண்டு, தங்களுக்குப் பழக்கமான வெளியில் நின்று, உலகத்திலேயே பெரிய பேரரசான பிரித்தானியாவின் ராணுவத்தை அலைக்கழித்தவர்கள். அவர்களைப் பிடிக்க முடியாமல் களைத்துப்போன அதே ராணுவம்தான் பிறகு வந்த இரண்டாம் உலக யுத்தத்தில் அந்தப் பெயரைத் தன் ஆட்களுக்கு வைத்தது. வள்ளத்தில் போய் இறங்கிப் பாறையில் ஏறியவர்கள், பாலைவனத்தில் ஜீப்பில் போய் விமானங்களைக் கொளுத்தியவர்கள், பர்மாக் காட்டுக்குள் எதிரியின் முதுகுக்குப் பின்னால் நடந்தவர்கள் என்று கதை நீளுகிறது. ஆயிரம் பேர் செய்ய முடியாததை ஆறேழு பேர் செய்து முடிப்பது, செய்த தடமே தெரியாமல் திரும்பி வருவது, இதுதான் அவர்கள் வேலை. எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. முதலில் கொமாண்டோ என்றால் தன் நிலத்தை அறிந்தவன். பிறகு அவன் அடுத்தவன் நிலத்துக்குப் போகிறவன் ஆகிவிட்டான். அப்படிப் போகிறவனுக்கு முன்னால் நடக்க அந்த மண்ணை அறிந்த ஒருவன் வேண்டும். நான் புரட்டின புத்தகங்களில் அவனுக்கு ஒரு வரிதான் இருக்கிறது. 'உள்ளூர்வாசி ஒருவரின் உதவியோடு' என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்கள். மகனே, உன் அப்பன் அந்த ஒரு வரி.

யுத்தத்தில் இங்கே அரசாங்க ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கமும் அப்படித் தடம் தெரியாமல் போய்வரும் ஆட்களை வைத்திருந்தன. எந்தப் பக்கத்தான் எந்தப் பற்றைக்குள் கிடக்கிறான் என்று சனத்துக்குத் தெரியாது. பட்டப்பகலில் ஒழுங்கையில் நடக்கவும் நெஞ்சு இடிக்கும். எங்கள் ஊரான அரியாலையின் கிழக்குப் பக்கம் முழுவதும் ஆமியின் கையில் இருந்த காலம் அது. நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, நீரேரிக்கு அந்தப் பக்கம் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கிடந்தோம். இரண்டு வருடம் எங்கள் ஊரில் ஒரு குடும்பமும் இல்லை. எனக்கு அப்போது முப்பது வயது. கலியாணம் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த நீரேரியில் இறால் பிடித்தவன் என்பதால் எந்த இடத்தில் சேறு இடுப்பு வரை இழுக்கும், எந்த இடத்தில் முழங்கால் தண்ணீரில் நடக்கலாம் என்பதெல்லாம் என் காலுக்கே தெரியும். இயக்கத்தின் வேவு அணி ஒன்று என்னைத் தேடி வந்தது. கட்டாயப்படுத்தினார்கள் என்று சொன்னால் உனக்கும் சுகம், எனக்கும் சுகம். ஆனால் அப்படி நடக்கவில்லை. "அண்ணை, பாதை காட்ட வருவியளோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அது வரைக்கும் என்னை ஒருவரும் எதற்கும் தேடி வந்ததில்லை. நாலு முறை போனேன்.

நாலாவது முறை போன இடம் எங்கள் சொந்த வீடு. அந்த வீட்டு அடுப்படியின், குசினியின், யன்னலால் பார்த்தால் ஆமியின் வண்டிகள் போகும் தெரு தெரியும், அதனால் தெரிந்தெடுத்தார்கள். பொறுப்பாளர் ஒருவர், பெயர் சொல்லாத இன்னொருவர், முகில் என்று ஒருவன், நான், ஆக நாலு பேர். முகிலுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நாலு நாள் உள்ளே கிடந்து பார்க்க வேண்டும். உனக்கு அங்கே பெரிய பெரிய ஆட்கள் படிப்பிக்கிறதை எனக்கு அந்தப் பொறுப்பாளர் நீரேரிக் கரையில் வைத்துப் படிப்பித்தார். சவுக்காரம் போட்டுக் குளித்துவிட்டு வரக்கூடாது, மணக்கும். நெற்றியில் திருநீறு கூடாது, வெள்ளை தூரத்துக்குத் தெரியும். அடுப்பு மூட்டக்கூடாது, கிணற்றில் அள்ளக்கூடாது, இருமல் வந்தால் துணியைக் கடிக்க வேண்டும், கடைசியாக வருகிறவன் பூவரசங் கொப்பால் கால் தடத்தை அழித்துக்கொண்டு வர வேண்டும். சாப்பாட்டுக்கு அவலும் சர்க்கரையும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். திருநீற்றை அவருக்கு முன்னாலேயே துடைத்தேன்.

மூன்றாம் நாள் புரட்டாசிச் சனி. உனக்கு அது தெரியாது, நீ இங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்கு விரதம் பிடித்து, காகத்துக்கு ஒரு பிடி வைத்து, அது கொத்தின பிறகுதான் வீட்டில் சாப்பிடுவோம். என் ஐயா சாகும் வரை ஒரு புரட்டாசிச் சனியும் விட்டதில்லை. மதியம் போல முகில் நனைத்த அவலைப் பங்கு பிரித்தான். பொறுப்பாளர் படுத்திருந்தார், மற்றவர் குசினி யன்னலடியில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பங்கில் ஒரு பிடியை எடுத்து, பக்கக் கதவால் தவழ்ந்து போய், முற்றத்து மதிலில் வைத்தேன். ஏன் வைத்தாய் என்று நீ கேட்பாய். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நானும் அதைத்தான் கேட்கிறேன். மூன்று நாளாக என் சொந்த வீட்டில் கள்ளனைப் போலக் கிடந்தேன். என் கிணற்றில் அள்ள முடியவில்லை, என் அடுப்பை மூட்ட முடியவில்லை. ஒரே ஒரு காரியமாவது வீட்டுக்காரனாகச் செய்ய வேண்டும் போல இருந்தது. இதைவிட வேறு காரணம் கிடைக்கவில்லை. முகில் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தடுத்திருக்க வேண்டியவன், பயிற்சி எடுத்தவன். ஆனால் அவன் சிரித்தான். "எங்கடை அம்மாவும் இண்டைக்கு விரதம் அண்ணை. தொண்டைமானாத்திலை, பாலத்தடியிலை எங்கடை வீடு. காகம் சாப்பிடட்டும், நானும் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று தன் பங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

ஒரு காகம் வந்தது. ஐயாவே வந்துவிட்டார் என்று எனக்குக் கண் கலங்கியது. அந்தக் காகம் கத்தியது. இரண்டு வருடமாக ஒரு மனுசரும் ஒரு பருக்கை வைக்காத ஊர் என்பதை நான் யோசிக்கவேயில்லை. பத்து வந்தது, இருபது வந்தது, பிறகு எண்ண முடியவில்லை. மதிலிலும் கூரையிலும் தென்னையிலும் இருந்துகொண்டு ஊரையே கூப்பிட்டன. ஒருவரும் இல்லாத ஊரில், ஒரு வீட்டுக்கு மேல் மட்டும் அத்தனை காகம் சுற்றுகிறது. வெளிக்கு அந்தப் பக்கம் ஆமியின் காவல் கொட்டில். முகிலின் முகம் மாறியது. "அண்ணை, அந்த அவலை எடுங்கோ, கெதியா எடுங்கோ" என்றான். நான் கதவடியிலேயே குந்திக்கொண்டிருந்தேன். அவன்தான் தன் பங்கை நிலத்தில் வைத்துவிட்டுத் தவழ்ந்து போனான். மதிலில் கிடந்த அவலைக் கையால் வழித்து எடுப்பதற்கு அவன் நிமிர வேண்டியிருந்தது. அப்போதுதான் சுட்டார்கள். பொறுப்பாளர் எழும்பி, எங்கள் இரண்டு பேரையும் பின்பக்கத்தால் நீரேரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். முகிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

இது வரைக்கும் சொன்னது என் மடைத்தனம். மடைத்தனத்தை மன்னிக்கலாம் என்று வைத்துக்கொள். இனிச் சொல்லப் போவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கரையேறின பிறகு பொறுப்பாளர் ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணை, முகில் ஏன் வெளியிலை வந்தவன்?" அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. களைத்துப்போய் இருந்தார். நான் சொன்னேன்: "தண்ணி குடிக்கக் கிணத்தடிக்குப் போனவன்." அவர் எழுதிக்கொண்டார். காகங்கள் ஏன் வந்தன என்று அவருக்குத் தெரியாது, யன்னலடியில் இருந்தவருக்கும் தெரியாது. சொல்லாமல் போனதால் மறைந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கொப்பியில் இருந்த வரி அவன் வீட்டுக்குப் போயிருக்கிறது. உங்கள் மகன் கட்டளையை மீறிப் போனதால்தான் இப்படி ஆனது என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பினோம், நான் கலியாணம் கட்டினேன், நீ பிறந்தாய். உன் அம்மா நோய் வருத்தத்தில் இறந்துபோனபோது உனக்கு எட்டு வயது. மாமா உன்னைத் தன்னோடு வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நீங்களும் வாங்கோ அத்தான், நான் கடிதம் அனுப்புறன்" என்றார், அனுப்பவும் செய்தார். இரண்டு முறை விசாவுக்குப் போட்டேன், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள் என்று உனக்குச் சொன்னேன். நீ பத்து வயதில் போனில் அழுதாய். "அவையளுக்கு ஏன் உங்களைப் பிடிக்கேல்லை?" என்று கேட்டாய். அவர்கள் என்னை மறுக்கவில்லை மகனே, நான் போடவேயில்லை. அந்தப் படிவத்திலும் இதே கேள்வி இருந்தது. ஓம் என்று எழுதப் பயம். இல்லை என்று எழுதப் பேனையைக் கொண்டு போனால், நீரேரிக் கரையில் அந்த மனிதர் கொப்பியை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பது போல இருக்கும். நிரப்பாத படிவங்கள் இரண்டும் அலுமாரியில் கிடக்கின்றன. நீ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதை, முகச்சவரம் செய்யப் பழகியதை, காய்ச்சலில் கிடந்ததை எல்லாம் நான் படத்தில் பார்த்தேன். அப்பனில்லாப் பிள்ளை போல நீ வளர்ந்ததற்கு எந்த நாட்டுத் தூதரகமும் காரணமில்லை. நான் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அடுத்த பொய்யை எழுதத் துணிவில்லாமல் இங்கேயே இருந்துவிட்டேன். வீட்டில் சமைப்பது ஒருவனுக்கு, கூட்டுவது ஒருவனுக்கு. பின்னேரமானால் கதைப்பதற்கு ஆள் இல்லாமல் ரேடியோவோடு சண்டை பிடிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் எடுத்துத் தொண்டைமானாற்றுக்குப் போனேன். உனக்குச் சொல்வதற்கு முன் சொல்ல வேண்டிய ஆள் ஒன்று இருந்தது. அந்தப் பாலத்தடி வீட்டை இத்தனை வருடத்தில் ஏழெட்டு முறை கடந்திருப்பேன், சந்நிதி முருகன் கோவிலுக்குப் போகிறவன் போல. வாசல் படலையைத் தொட்டதில்லை. இந்த முறை தொட்டேன். முகிலின் அம்மா மெலிந்துபோயிருந்தார். காது நன்றாகக் கேட்டது, கண்தான் கொஞ்சம் மங்கல். நான் இன்னார், உங்கள் மகனோடு கடைசி நாள் இருந்தவன் என்றேன். கதிரை போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், மதிலில் வைத்ததையும், கரையில் சொன்னதையும். ஏச்சு விழும், அல்லது கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் எழும்பி உள்ளே போனார். நீண்ட நேரம் வரவில்லை. நான் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அந்தக் கதிரையில் கிடந்தேன்.

திரும்பி வந்து நின்றபடியே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, அவன் அந்த அவலைச் சாப்பிட்டவனோ?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நிலத்தில் அப்படியே கிடந்த அவன் பங்குதான் என் கண்ணுக்குள் வந்தது. பெற்ற மனதை இன்னும் நோக வைக்க மனம் வரவில்லை. "ஓம் அம்மா, வயிறு நிறையச் சாப்பிட்டவன். நான் காகத்துக்கு வைக்க முதலே சாப்பிட்டிட்டான்" என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "காகத்துக்கு முன்னமோ?" என்றார். "என்ரை பிள்ளை புரட்டாசிச் சனியிலை காகம் கொத்த முதல் வாயிலை வைக்க மாட்டான். சின்னனிலை பசியிலை அழுவான், ஆனால் வைக்க மாட்டான். எனக்குப் பொய் சொல்லாதையும் தம்பி. முன்னம் சொன்ன பொய்யே காணும்."

நான் அழுதுவிட்டேன். சாப்பிடவில்லை அம்மா, கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான், பசியோடுதான் போனான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்தப் பதில் அவருக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும். பிறகு, "தண்ணி விடாய் தாங்காமல் சொல்வழி கேளாமல் போயிட்டான் எண்டு இவ்வளவு காலமும் அவனோடை கோவிச்சுக்கொண்டிருந்தன்" என்றார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை, அவர் தேத்தண்ணி தரவும் இல்லை. பஸ்ஸில் வரும்போது நான் யோசித்ததெல்லாம் இதுதான். என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னேன், அது ஒரு தாயைச் செத்த பிள்ளையோடு கோபிக்க வைத்தது. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொரு பொய் சொன்னேன், அது ஒரு நிமிடமும் நிற்கவில்லை. உனக்காகச் சொன்ன பொய் மட்டும் எத்தனை நாள் நிற்கும்?

ஆகையால், மகனே, அந்தப் படிவத்தில் ஓம் என்று போடு. என் பெயரை முழுதாக எழுது. நாலு முறை பாதை காட்டியவர் என்று எழுது. அவர்கள் போன் எடுத்துக் கேட்டால், உனக்குச் சொன்ன மாதிரியே அவர்களுக்கும் சொல்லுவேன். அதனால் உன்னைத் திருப்பி அனுப்பினால், நீ இத்தனை வருடம் உடம்பை முறித்துப் பட்ட பாடு என்னால் வீணாகும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படியும் உன்னை வைத்துக்கொண்டால், என்றைக்கோ ஒரு நாள் உன்னை எவருடைய நிலத்துக்கோ அனுப்புவார்கள். அங்கே உனக்கு முன்னால் என்னைப் போல ஒருவன் நடப்பான். அவனிடம் பெயரைக் கேள், அன்றைக்கு அவன் வீட்டில் என்ன நாள் என்றும் கேள். யாருடைய முற்றத்தில் படுத்திருக்கிறாய் என்று தெரியாமல் படுத்திருக்காதே. எனக்குத் தெரிந்த ராணுவ அறிவு இவ்வளவுதான்.

நீ கோபப்படுவாய். கோபப்படு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் போன் எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. திட்டுவதற்காகவாவது எடு, ஞாயிற்றுக்கிழமை வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நான் எந்த நேரமும் வீட்டில்தான் இருக்கிறேன். உன்னைத் தவிர இந்த நம்பருக்கு எடுக்க வேறு ஒருவரும் இல்லை.

அப்பா